பாட்டியோட இரும்புக் கல்லு துருப்பிடிச்சுப் போச்சு, தூக்கிப் போடலாமா?

9 ஜூன் 2024, காலை 7.40 (வாசகர் கேள்வி)

அக்கா, ஊருக்குப் போனப்ப பாட்டி வீட்டுப் பரண்ல இருந்து ஒரு இரும்பு தோசைக்கல் எடுத்துட்டு வந்தேன். பாட்டி தவறி நாலு வருஷமாச்சு, அதுல இருந்து யாரும் தொடல போல, கல்லு முழுக்க செங்கல் கலர்ல துரு. ரூம்ல கூட இருக்கிறவன் துரு உள்ள போனா டெட்டனஸ் வரும்டா, எடைக்குப் போட்டுட்டு ஒரு நான்ஸ்டிக் தவா வாங்குங்குறான். இதைத் தேத்த முடியுமா? இல்ல போட்டுடவா?

9 ஜூன், காலை 9.15

போடாத தம்பி. முதல்ல அதை எடைக்குப் போடுற நினைப்பை விடு. இரும்புல துருங்குறது மேல் தோல்தான், நாலு வருஷத் துரு கல்லைத் தின்னுடாது. உள்ள கல்லு அப்படியே இருக்கும்.

ஒண்ணே ஒண்ணு பாரு. கல்லைக் கைப்பிடியில தொங்க விட்டு ஒரு கரண்டியால மெதுவா தட்டு. கணீர்னு சத்தம் வந்தா நல்ல கல்லு. தொப்புன்னு செத்த சத்தம் வந்தா எங்கயோ விரிசல் இருக்கு. வார்ப்பிரும்பா இருந்தா விரிசல் விழும், கீழ போட்டா ரெண்டா கூட உடையும், தகட்டுல அடிச்ச இரும்புக் கல்லு அப்படி உடையாது. விரிசல் இருந்தா மட்டும் விட்டுடு.

இல்லன்னா இப்படிச் செய். ஒரு பெரிய எலுமிச்சை அளவு பழைய புளியக் கரைச்சுக் கெட்டியா கல்லு மேல பூசி அரை மணி நேரம் விடு, அதுக்கு மேல விடாத, புளி துருவோட நிக்காது, நல்ல இரும்பையும் அரிக்கும். அப்புறம் இரும்பு நாரால அழுத்தித் தேய். தண்ணி ரத்தம் மாதிரி ஓடும், பயப்படாத. சாம்பல் கலர்ல கல்லு தெரியுற வரைக்கும் தேய்ச்சுக் கழுவி, அந்த நிமிஷமே துணியால துடைச்சு அடுப்புல வை. காயட்டும்னு வெயில்ல சாச்சு வச்சன்னா திரும்பி வர்றதுக்குள்ள மறுபடி ஆரஞ்சு கலர் பூத்திருக்கும். சுத்தமா தேய்ச்ச இரும்பு அவ்வளவு பச்சைப் புண்ணு மாதிரி, காத்து பட்டாலே துரு ஏறும்.

சூடா இருக்கறப்பவே நல்லெண்ணெய் தாராளமா தடவி புகைய விடு. ஆற விட்டு மறுபடி தடவு. இப்படி அஞ்சாறு தடவை.

9 ஜூன், மதியம்

டெட்டனஸ் விஷயத்தை விட்டுட்டேன். அது ஒரு கிருமி, மண்ணுல சாணியில எல்லாம் இருக்கும், ஆழமான காயம் வழியா உடம்புக்குள்ள போனாத்தான் வம்பு. துருப்பிடிச்ச ஆணி குத்தினா ஊசி போடச் சொல்றது ஆணி மண்ணுல கிடந்ததாலயும் ஆழமா குத்துறதாலயும்தான். கல்லுல மிச்சம் இருக்கிற துளித் துரு வயித்துக்குள்ள போயி டெட்டனஸ் வராது. அதுக்காகத் துருவோட தோசை ஊத்தச் சொல்லல, தோசை சிவப்பா கசந்துபோய் வரும்.

9 ஜூன், ராத்திரி

கஞ்சித்தண்ணி பத்தி ஏன் சொல்லலன்னு எங்க அக்கா போன்ல கேட்டா. அது புதுக் கல்லுக்கு. அம்மா புதுசா கல்லு வாங்கினா சோறு வடிச்ச கஞ்சிய ஊத்தி மூணு நாள் வச்சிருப்பாங்க, தினம் பழசக் கொட்டிட்டுப் புதுக்கஞ்சி. கஞ்சி புளிக்கப் புளிக்க கல்லுல இருக்கிற கருப்புத் தூளும் பட்டறை எண்ணெயும் கழண்டு வரும். மூணாம் நாள் ஒரு சூடு காட்டி, வெங்காயத்தை அரிஞ்சு எண்ணெயில வதக்கி அந்த வெங்காயத்தாலயே கல்லு முழுக்கத் தேய்ச்சு, வெங்காயம் கரியற வரைக்கும் விட்டு எடுத்துக் குப்பையில போடுவாங்க. அதைச் சாப்பிடக் கூடாதுன்னு எங்களை அடுப்புப் பக்கமே விடமாட்டாங்க. உன் கல்லு ஏற்கனவே பாட்டி கையால பழகினது, துரு எடுத்துட்டு எண்ணெய் காட்டினாப் போதும்.

11 ஜூன்

நான்ஸ்டிக் பத்தி நேத்து முழுக்க மனசுல ஓடிக்கிட்டே இருந்துச்சு, அதனால தனியா எழுதுறேன்.

அந்தப் பூச்சு கண்டுபிடிச்சதே தற்செயலா. 1938ல அமெரிக்காவுல ராய் பிளங்கெட்னு ஒரு வேதியியல்காரர் டியூபாண்ட் கம்பெனியில ஃப்ரிட்ஜுக்கான வாயு பண்ணிக்கிட்டு இருந்தப்ப, சிலிண்டருக்குள்ள இருந்த வாயு வெளிய வரல, எடை மட்டும் அப்படியே இருக்கு, அறுத்துப் பார்த்தா உள்ள வெள்ளையா மெழுகு மாதிரி ஒரு தூள். அதுதான் டெஃப்லான். சமையல் சட்டிக்கு அது வந்தது 1950கள்ல பிரான்ஸ்ல, மார்க் கிரகுவார்ங்கிற இஞ்சினியர் மூலமா.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரி தாண்டினா கெட ஆரம்பிக்கும், இன்னும் மேல போனா புகை வரும், அந்தப் புகை வீட்டுல வளக்கிற கிளி, லவ் பேர்ட்ஸ கொன்னுடும், மனுஷங்களுக்கும் காய்ச்சல் மாதிரி வரும். குழம்பு கொதிக்கிற சட்டி 100 டிகிரிக்குப் பக்கத்துலயே நிக்கும், அதுல பிரச்சனை இல்ல. ஆனா வெறும் தவாவ ஃபுல் கேஸ்ல வச்சுட்டு போன் பேசப் போனா சில நிமிஷத்துல அந்தச் சூட்டைத் தொட்டுடும். தோசைக்குக் கல்லைக் காய வைக்கிறோமே, அதுதான் நான்ஸ்டிக்குக்கு ஆகாத வேலை. அதனாலதான் நான் தோசைக்கு வேணாங்குறேன்.

இன்னொண்ணு. முன்னாடியெல்லாம் அந்தப் பூச்சு தயாரிக்கறப்ப பிஎஃப்ஓஏன்னு ஒரு ரசாயனம் போட்டாங்க. அதை 2019ல ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில, அதாவது ஆபத்தான ரசாயனங்களைத் தடுக்க உலக நாடுகள் போட்ட ஒப்பந்தத்துல, தடை செய்யற பட்டியல்ல சேத்தாங்க, 2023ல உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மனுஷங்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும்னு முதல் வகையில வச்சிருச்சு. இப்ப வர்ற தவாவுல அது இல்லன்னு டப்பாவுலயே போட்டிருப்பாங்க. நியாயமா சொல்லணும்னா முட்டைக்கு, மீன் துண்டு லேசா வாட்டறதுக்கு நான்ஸ்டிக் சௌகரியம்தான், எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கு. சிம்லயே வைப்பேன், மரக்கரண்டி மட்டும், கீறல் விழுந்து அடி தெரிஞ்சா அன்னைக்கே ஓரங்கட்டிடுவேன்.

16 ஜூன்

தம்பி போட்டோ அனுப்பிச்சிருக்கான். துரு சுத்தமா போயிருச்சு, ஆனா கல்லு மேல தேன் ஊத்தின மாதிரி பிசுபிசுன்னு இருக்கு, தோசை ஊத்தினா மாவு அதுலயே சிக்கிக்குதுங்குறான்.

இது என் தப்பு. தாராளமா தடவுன்னு சொல்லியிருந்தேன் பாரு, அது தப்பு. நான் அம்மா செஞ்சதைக் கண்ணால பார்த்தத வச்சு சொல்லிட்டேன், அம்மா தாராளமா ஊத்தினாங்கதான், ஆனா அப்புறம் பழைய பருத்தித் துணியால அழுத்தி அழுத்தி முக்காவாசிக்கு மேல துடைச்சு எடுத்துடுவாங்க, அந்தப் பாதிய நான் மறந்துட்டேன்.

எண்ணெய் கல்லுக்குள்ள ஊறிப் போயி உக்காந்துக்குதுன்னு நாம நினைக்கிறோம், அப்படி இல்ல. மெல்லிசா இருக்கிற எண்ணெய் நல்ல சூட்டுல இறுகி கெட்டியா ஒரு படலமா மாறி இரும்பப் பிடிச்சுக்குது, அந்தக் கருப்புப் பளபளப்புதான் பழகின கல்லு. தடிமனா இருந்தா மேல மட்டும் காஞ்சு உள்ள பசையா நின்னுடும், உனக்கு ஆனது அதுதான்.

சரி பண்ண முடியும். கல்லை நல்லா காயவச்சு கல்லுப்பு ரெண்டு கை போட்டு, மடிச்ச துணியால தேய், உப்பு பழுப்பாகி பசைய எடுத்துக்கிட்டு வரும். கழுவி, காயவச்சு, இந்தத் தடவை அரை ஸ்பூன் எண்ணெய். தடவிட்டு, கல்லுல எண்ணெயே இல்லைங்கற மாதிரி துடைச்சிடு. அப்புறம் ஜன்னலத் திறந்து வச்சுட்டு புகை வந்து புகை அடங்கற வரைக்கும் விடு. புகை அடங்கறதுதான் கணக்கு. ஆறினதும் விரலால தொட்டா ஒட்டக் கூடாது, வழவழன்னு காஞ்சிருக்கணும். இது மாதிரி நாலு தடவை.

16 ஜூன், பின் குறிப்பு

முதல் வாரம் முறுகல் தோசைக்கு ஆசைப்படாத. ஊத்தாப்பம், அடை, கல் தோசை இப்படிக் கனமா எண்ணெய் விட்டுச் செய்யறதா செய். கல்லுக்கும் சாப்பாடு போட்ட மாதிரி.

19 ஜூன்

தோசை ஊத்தறதப் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. நான் பண்றது இதுதான். கல்லு காய்ஞ்சதும் நாலு சொட்டுத் தண்ணி தெளிப்பேன். தண்ணி அப்படியே தேங்கி மெதுவா ஆவியானா கல்லு காயல. சொய்ங்குன்னு பொரிஞ்சு போனா சரியான சூடு. தண்ணி முத்து முத்தா உருண்டு ஓடினா ரொம்பக் காய்ஞ்சிருச்சு, அந்தச் சூட்டுல மாவு ஊத்தினா கரண்டியோட சுருட்டிக்கிட்டு வரும், வட்டமே வராது. அப்ப அடுப்பைக் குறைச்சு இன்னும் ஒரு கை தண்ணி தெளிச்சு, பாதி வெங்காயத்தை எண்ணெய் தொட்டு ஒரு சுத்துத் தேய்ச்சுட்டு ஊத்தணும். மாவு இறங்கினதும் தீயைக் கூட்டணும். ஹோட்டல்ல தொடப்பத்தால தண்ணி அடிச்சுக் கூட்டுறாங்களே, அதுவும் கல்லுச் சூட்டை இறக்கத்தான்.

ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த ஜில் மாவை அப்படியே ஊத்தாத. கல்லு பாவம், ஒவ்வொரு தோசைக்கும் சூடு விழுந்து விழுந்து எந்திரிக்கணும்.

20 ஜூன்

சப்பாத்தி போடலாமா அதே கல்லுலன்னு கேட்டவங்களுக்கு: போடாதீங்க. எங்க அம்மா தோசைக்கல்லுல சப்பாத்தி போட்டா கல்லு கெட்டுரும்னு சொல்றப்ப அதை ஒரு சாஸ்திரம் மாதிரி நினைச்சேன். காரணம் இருக்கு. சப்பாத்திக்கு எண்ணெய் இல்லாம வெறும் கல்லை ரொம்ப நேரம் காய விடுறோம், அந்தச் சூட்டுல படலம் கருகி உதிரும், தூவின கோதுமை மாவும் கரிஞ்சு அங்கங்க ஒட்டிக்கும், அடுத்த நாள் தோசை அந்த எடத்துல எல்லாம் கிழியும். சப்பாத்திக்குத் தனியா ஒரு தகட்டுக் கல்லு போதும், விலையும் கம்மி.

27 ஜூன்

இரும்புக் கல்லுல சோப்பே படக்கூடாதுன்னு போன வருஷம் வேறொரு எடத்துல எழுதியிருந்தேன், அதை ஒருத்தங்க எடுத்துப் போட்டு இப்பவும் அப்படித்தானான்னு கேக்குறாங்க. இல்ல, மாத்திக்கிறேன். அந்தக் காலத்துச் சோப்புல காரம் ஜாஸ்தி, அது படலத்தைக் கரைக்கும். இப்ப பாத்திரம் தேய்க்கிற லிக்விட் ஒரு சொட்டுப் போட்டு மெத்துன்னு இருக்கிற ஸ்பாஞ்சால கழுவினா இறுகின படலத்துக்கு ஒண்ணும் ஆகாது, நான் ஒரு மாசமா தினமும் செஞ்சு பார்த்துட்டேன். கெடுக்கறது சோப்பு இல்ல, சிங்க்ல ராத்திரி முழுக்கத் தண்ணியில ஊறப் போடுறதுதான். இன்னொண்ணு புளி. அதே கல்லு மாதிரி இரும்பு வாணலியில புளிக்குழம்பு வைக்கலாம், ஆனா கருத்துப் போகும், இரும்பு வாசனையும் ஏறும், படலமும் போயிரும். வாழைக்காய், வாழைப்பூ, கத்திரிக்காய் எல்லாம் இரும்புல கருக்கும், துவர்ப்புக்கும் இரும்புக்கும் ஆகாது. உருளைக்கிழங்கு ரோஸ்ட், வெண்டைக்காய், சேப்பங்கிழங்கு இதுக்கெல்லாம் இரும்பு வாணலிய அடிச்சுக்க ஒண்ணு கிடையாது.

3 ஜூலை

கல்லுல ஆரம்பிச்சது எங்கயோ போகுது, பரவாயில்ல, ஈயச்சொம்பு பத்திக் கேட்டிருக்கீங்க, எழுதுறேன்.

கல்யாணமாகி வந்த ரெண்டாவது மாசம். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தாங்க. ரசம் வைக்கலாம்னு அவங்க ஈயச்சொம்பை எடுத்து அடுப்புல வச்சு, புளித்தண்ணி கரைச்சு ஊத்தறதுக்குள்ள பால்காரர் கூப்பிட்டார். வாசல் வரைக்கும் போயிட்டு வந்தேன், அவ்வளவுதான். வந்து பார்த்தா சொம்பு அப்படியே நிக்குது, எடுக்கலாம்னு இடுக்கியால பிடிச்சா விளிம்பு மட்டும் கையோட வருது, அடிப்பாகம் பர்னர் மேல வெள்ளி ஒழுகின மாதிரி பளபளன்னு குட்டையா கட்டி நிக்குது. அதைப் பார்த்துக்கிட்டே நின்னது இன்னைக்கும் கண்ணுக்குள்ள இருக்கு. அது மாமியாரோட மாமியார் காலத்துச் சொம்பு. அவங்க வந்து பார்த்துட்டு ஒரு வார்த்தை திட்டல. அந்த உருகின துண்டுகளைச் சுரண்டி எடுத்து ஒரு டப்பாவுல போட்டு வச்சாங்க, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

வெள்ளீயம் 232 டிகிரியில உருகிடும். உள்ள தண்ணி இருக்கிற வரைக்கும் சொம்போட சூடு 100ஐச் சுத்தியே நிக்கும், ஒண்ணும் ஆகாது. காலியா வச்சா போச்சு. அதனால எப்பவும் தண்ணியோ புளிக்கரைசலோ ஊத்திட்டு அப்புறம்தான் அடுப்பு. தாளிப்பு தனிக் கரண்டியில. ரசம் நுரை கட்டி விளிம்புக்கு எழும்பி வர்றப்ப இறக்கிடணும், கொதிக்க விடக் கூடாது, அது ரசத்துக்கும் நல்லது.

4 ஜூலை

நேத்து எழுதினதுல முக்கியமானது விட்டுப்போச்சு. ஈயம்னா வெள்ளீயம், காரீயம்னு ரெண்டு இருக்கு. வெள்ளீயம் சமையலுக்கு ஆகும். காரீயம் விஷம், கொஞ்சம் கொஞ்சமா உடம்புல சேரும், குழந்தைங்க மூளை வளர்ச்சியப் பாதிக்கும், புளி ஊத்தினா இன்னும் நல்லா கரையும். சொம்பு போனதுக்கு அப்புறம் நான் ஒரு கடையில புதுசு வாங்கினேன், அக்மார்க் வெள்ளீயம்னுதான் சொல்லிக் கொடுத்தாங்க. வீட்டுக்கு வந்து மாமியார் வெள்ளைப் பேப்பர் எடுத்து விளிம்பால ஒரு இழுப்பு இழுத்தாங்க, பென்சில் கோடு மாதிரி கருப்பா விழுந்துச்சு. அதை அன்னைக்கே திருப்பிக் கொடுத்துட்டோம்.

இந்தப் பேப்பர் சோதனையில தேறினா முழுசா சுத்தம்னு அர்த்தம் இல்ல, கொஞ்சமா கலந்திருந்தா தெரியாது. நல்ல வெள்ளீயத் தகட்டை லேசா வளைச்சா கிரீச்னு ஒரு சத்தம் வரும், சொம்பை வளைச்சுப் பார்க்கவும் முடியாது. தெரிஞ்ச கடையில, பல வருஷமா வாங்குறவங்க சொல்ற எடத்துல வாங்குங்க, பில்லுல வெள்ளீயம்னு எழுதி வாங்குங்க. சந்தேகம்னா வேணவே வேணாம், ரசம் எவர்சில்வர்ல வச்சாலும் ரசம்தான். வீட்டுல சின்னக் குழந்தை இருந்தா நான் இன்னும் கண்டிப்பா சொல்வேன்.

6 ஜூலை

பித்தளை. சின்ன வயசுல எங்க தெருவுல ஈயம் பூசறதுன்னு குரல் கொடுத்துக்கிட்டு ஒரு தாத்தா வருவார். வேப்ப மரத்தடியில குழி தோண்டி கரி போட்டு, துருத்தி ஊதி, பாத்திரத்தை அது மேல கவுத்துச் சூடு பண்ணுவார். கை தாங்காத சூடானதும் நிமித்தி, நவச்சாரப் பொடியத் தூவினா பொக்குனு வெள்ளைப் புகை கிளம்பும், மூக்கு எரியும். உடனே வெள்ளீயக் குச்சிய உள்ள ஒரு எடத்துல தொடுவார், அது உருகிச் சொட்டும், பஞ்சால ஒரே சுழட்டு. மஞ்சள் பாத்திரம் உள்பக்கம் முழுக்க வெள்ளியா மாறிடும், எங்களுக்கு அது மந்திரம்தான். நவச்சாரம் பித்தளை மேல இருக்கிற அழுக்கு ஆக்சைடைச் சுத்தம் பண்ணுது, அப்பத்தான் ஈயம் பிடிக்கும்னு ரொம்ப வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

பித்தளையில செம்பும் துத்தநாகமும் இருக்கு. ஈயம் தேஞ்சு உள்ள மஞ்சள் தெரிஞ்சா அதுல புளி, தயிர், தக்காளி எதுவும் ஆகாது, களிம்பு ஏறும், குமட்டும், வாந்தி வரும். சமைச்சு முடிச்சதும் வேற பாத்திரத்துக்கு மாத்திடுங்க. பாத்திரக் கடைங்க இருக்கிற தெருவுல விசாரிச்சா இப்பவும் ஈயம் பூசறவங்க கிடைக்குறாங்க. பூசின பாத்திரத்துக்கு உள்ள இரும்பு நார் போடாதீங்க, தேங்காய் நார் போதும். வெளிய புளியும் உப்பும், இல்ல எலுமிச்சம்பழத் தோல்.

வெண்கலம் வேற. அது செம்பும் வெள்ளீயமும். வெண்கலப் பானையில பொங்கல் அடி பிடிக்காது, சூடு சுத்திச் சமமா பரவும். ஆனா முரட்டுத்தனமா கையாளக் கூடாது, கீழ விழுந்தா விரிசல். எங்க அம்மா வீட்டு வெண்கலப் பானை ஒண்ணு அப்படித்தான் ஒரு மாட்டுப் பொங்கல் அன்னைக்கு வாசப்படியில விழுந்து போச்சு.

14 ஜூலை

கல்சட்டி வாங்கினேன்னு ஒரு அம்மா சந்தோஷமா எழுதியிருக்காங்க, வாங்கின அன்னைக்கே அடுப்புல வச்சு கீறல் விட்டிருச்சாம். ஐயோ. நானும் இதைப் பண்ணியிருக்கேன், கொஞ்சம் வேற மாதிரி, பழகின சட்டிதான், சூடா இருக்கறப்ப குழாயைத் திறந்து பச்சைத் தண்ணி விட்டேன், டிக்குனு ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான்.

கல்சட்டி மாக்கல்லுல குடையறது, சேலம் பக்கம் பேர் போனது. நகத்தால கீறினா கோடு விழற அளவுக்கு மிருதுவான கல்லு. பழக்கறதுக்குப் பொறுமை வேணும். முதல்ல விளக்கெண்ணெயும் மஞ்சப்பொடியும் குழைச்சு உள்ள வெளிய தடவி ஒரு நாள் நிழல்ல வை. துடைச்சுட்டு சூடான வடிகஞ்சி ஊத்தி வை, ஆறினதும் கொட்டிட்டு அடுத்த வேளைக் கஞ்சி. ஒரு வாரம் இப்படி. அப்புறம் தண்ணி ஊத்தி ரொம்பச் சின்னத் தீயில சூடு காட்டி, அடுப்ப அணைச்சு அதுலயே ஆற விடு. இதை ரெண்டு மூணு நாள். அதுக்கு அப்புறம்தான் சமையல். முதல்ல கீரை, பருப்பு. தாளிப்பு, வதக்கல் எல்லாம் சட்டி நல்லா பழகினதுக்கு அப்புறம்.

இந்தப் பாடு எதுக்குன்னு கேப்பீங்க. வத்தக்குழம்பு வச்சு அடுப்ப அணைச்ச பிறகும் பத்து நிமிஷம் தளதளன்னு கொதிக்கும் பாருங்க, அதுக்காக. புளி அதை ஒண்ணும் பண்ணாது. அடுப்ப முன்னாடியே அணைக்கப் பழகிக்கணும், இல்லன்னா கீரை குழைஞ்சு போகும். இண்டக்ஷன்ல சூடே ஏறாது, பித்தளை, மண்சட்டி, ஈயம் எதுவுமே அதுல ஆகாது. தம்பி, உன் இரும்புக் கல்லு அடி தட்டையா இருந்தா இண்டக்ஷன்ல ஆகும், கம்மிச் சூட்டுல ஆரம்பி.

மண்சட்டிக்கும் கிட்டத்தட்ட இதே கதைதான், ஒரு நாள் தண்ணியில முக்கி வச்சு, அப்புறம் கஞ்சி. சோப்புப் போடாதீங்க, இங்க நான் மாத்திக்க மாட்டேன், மண்ணு சோப்பை உறிஞ்சிக்கும், அடுத்த மீன் குழம்புல வாசனை வரும். எனக்கு மானாமதுரைச் சட்டி ரொம்பப் பிடிக்கும். உள்ள கண்ணாடி மாதிரி பளபளன்னு பூச்சுப் போட்ட கலர்ச் சட்டிய சமையலுக்கு வாங்காதீங்க, அந்தப் பூச்சுல என்ன இருக்குன்னு நமக்குத் தெரியாது.

2 ஆகஸ்ட்

எவர்சில்வர் நல்லதான்னு பார்க்க காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டலன்னா 304ங்கிற நல்ல ரகம்னு ஒருத்தருக்குத் தனியா பதில் போட்டிருந்தேன்.

2 ஆகஸ்ட், ராத்திரி

அது அரைகுறையான பதில், திருத்துறேன். 304ல சுமார் 18 சதம் குரோமியம், 8 சதம் நிக்கல், அது காந்தத்துல ஒட்டாதுங்கறது சரிதான். ஆனா நிக்கலக் குறைச்சு மாங்கனீஸ் சேர்த்துப் பண்ற 202 மாதிரி விலை கம்மியானதும் ஒட்டாது. அதனால ஒட்டலன்னா 304ன்னு முடிவு பண்ண முடியாது. நிக்கல் இல்லாத 430 நல்லா ஒட்டும், இண்டக்ஷன் பாத்திரத்துக்கு அடியில அதைத்தான் வைப்பாங்க, ஒட்டறதாலயே அது மட்டம்னும் சொல்ல முடியாது. பாத்திரத்துல அச்சடிச்ச நம்பரப் பாருங்க, கடைக்காரர்கிட்ட கேளுங்க, கையில கனத்தைப் பாருங்க.

எவர்சில்வருக்குச் சூட்டைப் பரப்பத் தெரியாது, தீ படற எடத்துலயே அடி பிடிக்கும். அதனாலதான் நடுவுல அலுமினியம் வச்சு ட்ரைப்ளைன்னு வருது, பால் காய்ச்சறதுக்கும் பாயசத்துக்கும் காசு கொடுத்து வாங்கலாம். உப்பை ஜில் தண்ணியில போட்டு அடியில தேங்க விடாதீங்க, புள்ளி புள்ளியா அரிக்கும், தண்ணி கொதிச்சதும் போட்டுக் கலக்குங்க. வானவில் கலர்ல கறை வந்தா எலுமிச்சை தேய்ச்சாப் போயிரும், அது சூடு பட்ட அடையாளம்தான்.

18 அக்டோபர்

மழை ஆரம்பிச்சிருச்சு, கல்லு பத்தி மறுபடி ஞாபகப்படுத்துறேன். தினம் தோசை ஊத்தற கல்லுக்கு ஒண்ணும் வேணாம், கழுவி அடுப்புல ரெண்டு நிமிஷம் காயவச்சு எண்ணெய்த் துணியால ஒரு துடை. ஒரு வாரம் ஊருக்குப் போறதா இருந்தா எண்ணெய் தடவி, செய்தித்தாள் சுத்தி, காத்தோட்டமா வை. பிளாஸ்டிக் கவர்ல கட்டாத, உள்ள வேர்த்துத் துரு பிடிக்கும். பரண்ல கெட்டது எல்லாம் தொடாம விட்டதாலதான்.

3 நவம்பர்

தீபாவளிக்குத் தம்பி அவங்க அம்மா அப்பாவுக்கு ரூம்ல அந்தக் கல்லுலயே தோசை ஊத்திக் கொடுத்திருக்கான், வீடியோ அனுப்பினான். ரெண்டு தடவை பார்த்தேன். கல்லு நடுவுல கொஞ்சம் பள்ளமா இருக்கு, நான் முதல்ல அது கோணல்னு நினைச்சேன், அப்புறம் பார்த்தா எண்ணெய் ஓடி ஓரத்துல சிந்தாம நடுவுலயே நிக்கிறதுக்கு வசதியா இருக்கு. மாவை ஊத்தி நடுவுல இருந்து சுழட்டறப்ப கொஞ்சம் அவசரப்படுறான். விளிம்பு தானா எழும்பி வர்ற வரைக்கும் தோசைத்திருப்பிய உள்ள விடக் கூடாது, அதை மட்டும் மாத்திக்கச் சொன்னேன். மத்தபடி திருப்பின தோசை பொன்னிறமா, ஓட்டை ஓட்டையா, எங்கயும் கிழியாம வந்திருக்கு. அவங்க அம்மா மூணாவது தோசைக்குக் கை நீட்டுறது வீடியோ கடைசியில தெரியுது.

தம்பி, பொங்கலுக்கு ஊருக்குப் போவ இல்ல, அந்தப் பரணை இன்னொரு தடவை நல்லா பாரு. தோசைக்கல் வச்சிருந்த வீட்டுல பணியாரக்கல் இல்லாம இருக்காது. அதையும் கல்லுப்பு போட்டுத் தேய்ச்சு போட்டோ அனுப்பு, குழியில எண்ணெய் எவ்வளவு தங்கணும்னு அப்ப சொல்றேன்.